வேலை பொம்மசந்திராவில், குடும்பம் மதுரையில்: எல்லோரும் கிளம்பத்தான் வேண்டுமா?

21 ஜனவரி 2024, காலை

கணவருக்குப் பெங்களூருவை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. ரப்பர் உதிரிபாகங்களின் தரக்கட்டுப்பாடு. மதுரையில் 14 ஆண்டுகளாகச் செய்துவருகிற அதே வேலைதான், பதவி ஒரு படி மேலே. ஆண்டுக்கு 14 லட்சம் என்று கடிதம் வந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லோரும் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "எப்போது சாமான் கட்டுகிறீர்கள்?"

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை, அறிவியல் பாடம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு, மாமியார் எங்களோடு இருக்கிறார். ஐந்து பேரில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் மற்ற நால்வரும் பின்னாலேயே போக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? போனவர்கள், போகாதவர்கள், போய்த் திரும்பியவர்கள் இந்த இணைய இழையில் எழுதுங்கள். "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்கிற மறுமொழி மட்டும் வேண்டாம்.

21 ஜனவரி, இரவு

14 லட்சம் என்றால் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் என்று வாயைப் பிளந்தவர்களுக்காக இந்தக் கணக்கு. 12 மாதங்களுக்குப் பிரித்தால் 1,16,667. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 58,333. நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 12 சதவீதம், அதாவது 7,000 ரூபாய், இந்தத் தொகைக்குள்ளேயே இருக்கிறது. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம் என்று 2,800 ரூபாய். ஆண்டு இறுதியில் "செயல்திறனைப் பொறுத்து" தருவதாகச் சொல்லும் 1,40,000 ரூபாயை மாதக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மீதியில் இவருடைய பிஎஃப் பங்கு இன்னொரு 7,000, கர்நாடகத் தொழில் வரி 200, வருமான வரி. கையில் வருவது 81,000 ரூபாய்க்குச் சற்று மேல். இப்போது மதுரையில் 56,000 வருகிறது.

ஆக, நாம் பேசிக்கொண்டிருப்பது 14 லட்சத்தைப் பற்றி அல்ல. மாதம் 25,000 ரூபாயைப் பற்றி.

23 ஜனவரி

"பெண் வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு போவதுதான் குடும்பத்துக்கு அழகு" என்று எழுதியிருக்கும் பெரியவருக்கு: ஐயா, இந்தக் குடும்பத்தில் அதிகச் சம்பளம் வாங்குகிறவள் நான். அழகு போதுமா, அடுத்த கேள்விக்குப் போகலாமா?

சம்பளமில்லா விடுப்பு எடுக்கச் சொன்ன தோழிக்கு: அதையும் யோசித்தேன். ஊதிய உயர்வு தள்ளிப்போகும், சிபிஎஸ் என்கிற பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேராது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். எங்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, அந்தக் கணக்கில் சேர்வதுதான் எல்லாம்.

23 ஜனவரி, சற்று நேரம் கழித்து

இழை எங்கோ போகிறது, இருந்தாலும் பதில் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டு பத்து மாதத்தில் வேலையை விடப்போகும் தம்பி, பணிக்கொடை கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். சட்டம் ஐந்து ஆண்டு என்கிறது. ஆனால் ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதன் நகலை வைத்துக்கொண்டு கேளுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு: கடைசி அடிப்படைச் சம்பளம் 38,000, அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, 14 ஆண்டுகளால் பெருக்கினால் 3,06,923 ரூபாய். பிஎஃப் பணத்தை எடுக்காமல் யுஏஎன் என்கிற நிரந்தரக் கணக்கு எண் வழியாகப் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

28 ஜனவரி

பிள்ளைகளைப் பற்றி. பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்றக் கூடாது என்று ஒரே குரலில் சொல்கிறீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் வகுப்பறையில் நின்று பார்க்கிறவளாக ஒன்று சொல்கிறேன்: ஒன்பதின் நடுவில் வந்து சேர்ந்து பத்தில் முதலிடம் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், பிறந்ததிலிருந்து ஒரே தெருவில் இருந்துகொண்டு தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊர் மாற்றத்தைக் காட்டிலும் பாடத்திட்ட மாற்றம்தான் கடினம். தமிழ் வழியில் சமச்சீர்ப் பாடம் படித்த பிள்ளை கர்நாடகத்தில் எந்த வாரியத்தில் சேர்ந்தாலும் கன்னடம் ஒரு மொழியாக இருக்கும். அந்தச் சட்டம் 2015இல் வந்தது, 2017இலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சிறிய பிள்ளை ஆறு மாதத்தில் பேசிவிடும். பதினான்கு வயதுப் பெண்ணைப் புதிதாக எழுத்துக் கூட்டச் சொன்னால் அவமானப்படுவாள்.

மகளிடமே கேட்டேன். "பெங்களூரு என்றால் நாளைக்கே வருகிறேன்" என்றாள். தோழி ஒருத்தியோடு சண்டையாம். ஆகவே அந்த வாக்குச்சீட்டு செல்லாது.

4 பிப்ரவரி

மகன் விஷயம்தான் எனக்குப் பெரிது, இதை யாருமே கேட்கவில்லை. அவன் ஜூனில் ஆறாம் வகுப்பு. என் பள்ளியிலேயே சேர்க்க நினைத்திருக்கிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. நடுவில் எல்லை தாண்டினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அங்கே கர்நாடகத்திலோ, சிஇடி என்கிற பொது நுழைவுத் தேர்வு இடத்துக்கு வழக்கமான வழியில் போக ஏழாண்டு அங்கே படித்திருக்க வேண்டும். இடையில் திரும்பி வந்தால் இரண்டு கரையும் இல்லை.

அரசு உதவிபெறும் பள்ளிக்கும் 7.5 உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கிடையாது. மகள் படிப்பது உதவிபெறும் பள்ளி, அவளுக்கு இது பொருந்தாது. பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளியில் படித்தால் கேட்பார்கள், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வருவதை இங்கே ஒட்டாதீர்கள்.

11 பிப்ரவரி

ஓசூர்க்கார நண்பர் நேற்று எழுதியது இந்த இழையின் போக்கையே மாற்றிவிட்டது. "ஏன் பெங்களூரு? ஓசூரில் குடியிருங்கள்" என்கிறார். பொம்மசந்திரா ஓசூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடி தாண்டி அத்திபெலே, சந்தாபுரம், அப்புறம் தொழிற்பேட்டை. தொழிற்சாலைகள் ஓசூரிலிருந்தே வண்டி விடுகின்றன. பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் தொடர்வார்கள், ரேஷன் அட்டை அப்படியே இருக்கும், வண்டிக்கு மறுபதிவு வேண்டாம். நான்கூடக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாறுதல் கேட்கலாம்.

படித்ததும் சிரிப்பு வந்தது. காரணத்தை நாளை எழுதுகிறேன், விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

12 பிப்ரவரி

காரணம் இதுதான். 2012 டிசம்பரில் தகுதித் தேர்வு வழியாக எனக்குக் கிடைத்த முதல் பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு ஊரில். தென்மாவட்டத்து ஆசிரியர்கள் பலருக்கும் இந்தக் கதை உண்டு. வடக்கே காலியிடம் இருக்கும், போய்ச் சேருவோம், அப்புறம் ஒவ்வொரு மே மாதமும் ஊருக்கு மாறுதல் கேட்டு வரிசையில் நிற்போம். மாவட்டத்துக்குள் கலந்தாய்வு முதலில் முடியும், மாவட்டம் விட்டு மாவட்டம் அப்புறம்தான். அதற்குள் மதுரை, நெல்லை, குமரிப் பக்கத்து இடங்கள் நிரம்பிவிடும். திரையில் பச்சையாக மீதமிருப்பவை எல்லாம் நாங்கள் எங்கிருந்து ஓடிவர நினைத்தோமோ அந்த ஊர்கள்.

அந்தப் பள்ளியைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், புத்தகத்தில் தமிழ். "ஒளிச்சேர்க்கை" என்று நான் கரும்பலகையில் எழுதியதும் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி பின்னால் திரும்பி, மற்றவர்களுக்குத் தெலுங்கில் ஒரு முழுப் பாடம் நடத்திவிடுவாள். நான் சாக்பீஸோடு காத்திருப்பேன். அவள் நடத்துவது என்னுடையதைவிடச் சிறியது, ஆனால் எல்லோருக்கும் புரியும். கேழ்வரகு விளையும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் வந்துவிட்டால் மறுநாள் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர் இருக்காது. இரவெல்லாம் வயலில் காவல் இருந்துவிட்டுப் பிள்ளைகள் தூங்கும். நானும் முதல் ஆண்டு டிசம்பரில் இரண்டு போர்வையோடு அழுதிருக்கிறேன்.

அங்கிருந்து மதுரை மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த அன்று எங்கள் தெரு முழுக்க மாமியார் லட்டு கொடுத்தார். இப்போது நானே கையெழுத்துப் போட்டுத் திரும்பிப் போக வேண்டுமாம்! கிருஷ்ணகிரிக்குப் போவது எளிது. திரும்பி வருவதுதான் முடியாது. ஆகவே ஓசூர் யோசனையில் பிள்ளைகளுக்கு இழப்பு இல்லை, கணவருக்கு இல்லை, எனக்கு மட்டும் உண்டு. அவருக்கு இந்த வேலை பிடிக்காவிட்டால் ஆறு மாதத்தில் மதுரையில் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். என் மதுரை இடம் போனால் போனதுதான்.

13 பிப்ரவரி

மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களிலிருந்து தனிச்செய்திகள் வந்து குவிகின்றன. எல்லாம் ஒரே கேள்வி: "அக்கா, மனமொத்த மாறுதலுக்குச் சம்மதமா?" அம்மாக்களே, ஐயாக்களே, நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. கணித ஆசிரியர்கள் ஏன் கேட்கிறீர்கள்? ஒரே பதவி, ஒரே பாடமாக இருந்தால்தான் இரண்டு பேர் சம்மதித்துத் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ள முடியும்.

10 மார்ச்

இடையில் நடந்தது: கணவர் வேலையை ஏற்றுக்கொண்டார், இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டார். ஏப்ரல் நடுவில் சேருகிறார். முதலில் அவர் மட்டும். இந்த வார இறுதியில் இரண்டு பேரும் வீடு பார்க்கப் போனோம்.

பெங்களூருவில் தண்ணீர் இல்லை என்று செய்தியில் படித்திருப்பீர்கள். துணை முதல்வர் வீட்டு ஆழ்துளைக் கிணறே வற்றிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நாங்கள் பார்த்த வீட்டில் இரண்டு படுக்கையறை, வாடகை 26,000, முன்பணம் ஆறு மாதம். சமையலறைக் குழாயை நான் திறந்தேன். முதலில் புஸ் என்று காற்று, பிறகு செம்மண் நிறத்தில் இரண்டு துப்பல், அப்புறம் ஒன்றுமில்லை. "காவிரி இணைப்பு இருக்கிறதா?" என்றேன். "டேங்கர் வரும் மேடம்" என்றார் வீட்டுக்காரர். "எத்தனை நாளுக்கு ஒருமுறை?" "வரும் மேடம்."

மாதம் 25,000 கூடுதல் வருமானம், வாடகை 26,000. இதற்கு மேல் நான் என்ன கணக்குப் போடுவது?

திரும்பும் வழியில் ஓசூரில் இறங்கிப் பார்த்தோம். அதே அளவு வீடு 12,000. அங்கும் தண்ணீர் தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த நாளில் எத்தனை மணிக்கு வரும் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார்.

12 மார்ச்

பெங்களூருவைத் திட்டுவதற்கு இந்த இழையைப் பயன்படுத்த வேண்டாம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்கள் இருக்கிறார்கள், அங்கே 1950இலிருந்து தமிழ்ச் சங்கம் இருக்கிறது. காவிரிப் பிரச்சினை வரும்போது என்ன ஆகும் என்று கேட்டவருக்கு ஓசூர் நண்பர் சொல்வது: போன செப்டம்பர் பந்த் அன்று நம் பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றன. வேலைக்குப் போகிறவர்கள் இறங்கி, அத்திபெலே வரை நடந்து, அந்தப் பக்கம் கிடைத்த வண்டியில் ஏறிப் போனார்கள். அவருக்கு அது ஒரு செய்தியாகவே தெரியவில்லை.

 

20 ஏப்ரல்

நேற்றுத் தேர்தல் பணி. பெட்டியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. கணவர் திங்கட்கிழமை அங்கே வேலையில் சேர்ந்தவர், வாக்களிக்க வந்துவிட்டு இன்று இரவு கிளம்புகிறார். ஓசூரில் சக ஊழியர் ஒருவரோடு அறை. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

19 மே

இப்போது இரண்டாவது யோசனைகள். "அவர் மட்டும் போகட்டும்" என்பதற்கும் விலை உண்டு. அறை வாடகையில் பாதி 5,000, சாப்பாடு 6,000, போக்குவரத்து 4,000. 25,000இல் 15,000 இப்படிப் போய்விடுகிறது. மீதிப் பத்தாயிரத்துக்காகவா இவ்வளவும் என்று நேற்று இரவு கேட்டேன். "பத்தாயிரத்துக்காக இல்லை. மதுரையில் இந்தப் பதவி 14 ஆண்டுகளில் எனக்குக் கிடைக்கவில்லை" என்றார். என்ன பதில் சொல்வது? நான் பட்டதாரி ஆசிரியையாக இருப்பதில் எனக்கு என்ன பெருமையோ அதே பெருமை அவருக்கும் இருக்கக் கூடாதா?

வருவது ஞாயிறு காலை, போவது ஞாயிறு இரவு. நாகர்கோவில் வண்டி, அல்லது தூத்துக்குடி–மைசூரு வண்டி, இரண்டும் ஓசூரில் நிற்கும். 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். ஆனால் எந்த ஞாயிறு விடுப்பு என்று 120 நாளுக்கு முன் தெரிந்த தொழிற்சாலை ஊழியர் யார்? தட்கல், இல்லையென்றால் ஆம்னி பஸ். காலை ஆறு மணிக்கு வந்ததும் மகன் மட்டையோடு வாசலில் நிற்பான். அவரும் கண் எரிச்சலோடு பந்து போடுவார். பதினொரு மணிக்கு மகளுக்குக் கணக்கு. முன்பெல்லாம் தினம் அரைமணி நேரம் என்று போனது, இப்போது ஒரு வாரத்துச் சந்தேகங்கள் ஒரே மூச்சில். அவர் சாய்நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டால் அவள் எழுப்புவதில்லை, புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போகிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஊர் மாறக் கூடாது என்று சொன்ன ஒருவரும் அப்பா மாறினால் பரவாயில்லையா என்று யோசிக்கவில்லை, நான் உட்பட.

20 மே

மாமியார் காரணமாகத்தான் நாங்கள் நகரவில்லை என்று உறவினர் ஒருவர் பேசியது அவர் காதுக்குப் போய்விட்டது. "ஏம்மா, என் முட்டிவலியைச் சாக்காக வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் தள்ளிப்போட வேண்டாம். எனக்கு எந்த ஊரிலும் அதே முட்டிதான்" என்றார்.

16 ஜூன்

பள்ளி 10ஆம் தேதி திறந்தது. மகன் என் பள்ளியில் ஆறாம் வகுப்பு. முதல் நாள் என்னை "டீச்சர்" என்றே கூப்பிட்டான், இரண்டாம் நாள் சாப்பாட்டு வேளையில் மறந்துபோய் "அம்மா" என்றதும் வகுப்பே சிரித்தது. இந்த ஆண்டு மாறுதலுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. கலந்தாய்வும் ஜூலைக்குப் போய்விட்டது.

7 ஜூலை

ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று போன மாத இறுதியில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். விமானம் எப்போது வருமோ, கணவரின் அறை வாடகை ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டது.

மனமொத்த மாறுதல் கேட்டவர்களில் ஒருவரோடு மட்டும் தொடர்ந்து பேசிவருகிறேன். அறிவியல் ஆசிரியை, கெலமங்கலம் பக்கத்துப் பள்ளி, குடும்பம் மேலூர்ப் பக்கம், கைக்குழந்தை அம்மாவிடம் வளர்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் நான் இருந்த நிலைமைதான். அதற்காக இரக்கப்பட்டு இடம் கொடுத்துவிட முடியாது என்று அவரிடமே சொல்லிவிட்டேன். "இரக்கம் வேண்டாம் அக்கா, தேதி மட்டும் சொல்லுங்கள்" என்றார். பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று.

20 அக்டோபர்

ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்து கணவரின் பணி உறுதியாகிவிட்டது. இதற்காகத்தான் காத்திருந்தேன். அதுவரை அவருடைய வேலை அந்தரத்தில் இருந்தது, அதை நம்பி என் இடத்தைக் கொடுக்கத் தயாராக இல்லை.

முடிவு இது. மகளின் பொதுத்தேர்வு ஏப்ரலில் முடிந்ததும், 2025 மே மாதம் நானும் அந்த ஆசிரியையும் சேர்ந்து மனமொத்த மாறுதலுக்கு விண்ணப்பிக்கிறோம். கிடைத்தால் ஜூனில் ஓசூரில் குடியேற்றம். பதினொன்றாம் வகுப்புக்கு எப்படியும் பலர் பள்ளி மாறுவார்கள், மகள் தனியாகத் தெரிய மாட்டாள். மகனுக்கு ஏழாம் வகுப்பு, அங்கேயும் அரசுப் பள்ளி, 7.5 தொடரும். பணிக்கொடை மூன்று லட்சம் வைப்புத்தொகையில் இருக்கிறது. முன்பணமும் லாரி வாடகையும் அதிலிருந்து. மதுரை வீட்டை விற்கப் போவதில்லை, அதை விற்கச் சொல்லி எழுதுகிறவர்களுக்கு இனி பதில் கிடையாது.

எனக்கு இழப்பு இல்லையா என்று கேட்ட தோழிக்கு: உண்டு. ஓய்வுபெறும்வரை மதுரைக்கு வர முடியாமல் போகலாம் என்பதை எழுதிக் கணவரிடம் படித்துக் காட்டினேன். அடுத்த பத்தாண்டில் இதைவிடப் பெரிய சம்பளம் என்று வேறு ஊர்க் கடிதம் வந்தாலும் ஓசூரை விட்டு நகர்வதில்லை என்று அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீதிமன்றத்தில் செல்லாது. அலமாரியில் செல்லும்.

பெங்களூருவின் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டத்தை இந்த வாரம் தொடங்கி வைத்துவிட்டார்கள், இனி நகரத்துக்குள்ளேயே வரலாமே என்று ஒருவர். வேண்டாம். ரயில் முன்பதிவு நவம்பரிலிருந்து 120 நாள் அல்ல, 60 நாள்தான் என்று இன்னொருவர். அது எங்களுக்கு நல்லதுதான்.

மாமியார் தீபாவளி முடிந்ததும் தன் மகனுக்குச் சமைத்துப் போட ஓசூர் போகிறார். அதற்காகக் கணவர் அறையை விட்டுச் சிறிய வீடு ஒன்று பிடித்திருக்கிறார். குளிருக்குக் கம்பளி வாங்கியாகிவிட்டது.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு கேள்வி. மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல்–கணிதப் பிரிவு, தமிழ் வழி வேண்டும். அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அந்தப் பிரிவுக்கு எவ்வளவு மதிப்பெண் வரை எடுக்கிறார்கள்? வெளி மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் எப்போது போய்க் கேட்க வேண்டும்? பிள்ளைகளை அங்கே படிக்க வைத்தவர்கள் மட்டும் எழுதுங்கள்.